வேப்பிலை கட்டிய வாசல்

எங்கள் வட்டாரத்தில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்கிறவர்கள் குறைவு. கோட்டு மாட்டிக்கொண்டு கையில் டார்ச்சுடன் நான் தெருவுக்குள் நுழைந்தால், "தோ வருது பாரு கொசுக்காரம்மா" என்று யாராவது ஒருத்தி டிரம்மை மூடிவைக்கக் கொல்லைப்பக்கம் ஓடுவாள். கொசுப்புழு ஒழிக்கிற தற்காலிகப் பணியாளர் நான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் நிற்கிற இடத்தையெல்லாம் பார்ப்பது என் வேலை. தொட்டி, டிரம், கழற்றிப்போட்ட டயர், கொட்டாங்குச்சி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. இழுத்துக் காட்டினால் நான்தான் அங்கே புழு வளர்த்துவிட்டுப் போனவள் மாதிரி முறைப்பார்கள்.

எனக்கும் வாய் கொஞ்சம் ஜாஸ்திதான். வடக்கனந்தலில் ஒரு வாத்தியார், "நாங்கல்லாம் படிச்சவங்கம்மா, எங்களுக்குத் தெரியாதா" என்று கதவைச் சாத்தப் பார்த்தார். "படிச்சவங்க வூட்டுத் தண்ணியில கொசு முட்ட வெக்காதுங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனேன். இரண்டு டிரம்மிலும் புழு நெளிந்தது. அவர் வீட்டம்மா அதற்குப் பிறகு எனக்குக் காப்பி கொடுத்தார்.

ஒரே ஒரு வகை வீட்டில்தான் என் வாய் கட்டிப்போகும். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்துச் செருகியிருக்கிற வீடு. உள்ளே யாருக்கோ அம்மை என்று அர்த்தம். அங்கே வெளியாள் நுழையக் கூடாது. காய்ச்சல் என்றோ நோய் என்றோ சொல்லக் கூடாது. அம்மா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். அடுப்பில் தாளிக்கிற வாசனை வரக் கூடாது. மருந்து மாத்திரையை வாசற்படி தாண்ட விடமாட்டார்கள். எங்கள் மேற்பார்வையாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "அந்த மாதிரி வூட்டுக்குள்ள போவாதீங்க, வம்பு வரும். குறிச்சிக்கினு வந்துடுங்க." மற்றவர்கள் குறித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். என்னால் அப்படி வர முடியாது.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். கார்த்திகை மழை விட்டிருந்த வாரம். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே உடம்பு கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாள். கண்ணுக்குப் பின்னால் யாருக்காவது வலிக்குமா, பள்ளிக்கூடம் போகாமல் இருக்க என்னவெல்லாம் கண்டுபிடிக்கிறாய் பார் என்று கேலி செய்தேன். அவளும் சிரித்துவிட்டுப் படுத்தாள்.

மூன்றாம் நாள் முகத்திலும் மார்பிலும் செக்கச்செவேலென்று தடித்திருந்தது. மணல்வாரி அம்மை என்று நானே முடிவு கட்டினேன். வேறு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் தம்பிக்கு அம்மை போட்டபோது கூடவே இருந்து பார்த்தவள் நான். எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்குப் பொரிந்தாலும் என்னைத்தான் வந்து பார்க்கச் சொல்வார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது. வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் செருகினேன், பாயில் பரப்பினேன், அவள் தலைமுடியிலும் ஒரு கொத்து வைத்தேன்.

என் வீட்டுக்காரர் கழனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று, "கள்ளக்குறிச்சிக்கு இட்டுக்கினு போயி ஒரு எட்டு காட்டிட்டு வந்துடலாமா?" என்று கேட்டார்.

"அம்மா வந்திருக்கற வூட்டுல ஊசி போடுவாங்களா யாராச்சும்? முத்து உள்ளுக்குத் தள்ளிக்கும். நீங்க சும்மா இருங்க" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போய்விட்டார்.

மறுநாள் காலை காய்ச்சல் விட்டுவிட்டது. நெற்றி சில்லென்று இருந்தது. உள்ளங்காலும் சில்லென்று இருந்தது. அம்மா குளிர்ந்துவிட்டாள் என்று கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டேன். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து, கை கால் சில்லிடுவது ரத்த ஓட்டம் குறைவதன் அடையாளம், வயிற்றுவலியும் வாந்தியும் சேர்ந்தால் ஒரு நிமிஷமும் காத்திருக்கக் கூடாது. இதையெல்லாம் இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு வயிறு வலிக்கிறது என்றவளுக்கு நான் மோர் கொடுத்தேன்.

அடுத்த நாள் விடியும்போது அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. ஆட்டோ பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு ஓடினோம். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று டாக்டர் கேட்டார். "காச்சல் இல்லீங்க சார், நேத்தே வுட்டுடுச்சு" என்று நல்ல சேதி சொல்கிறவள் போலச் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு நர்சைக் கூப்பிட்டார். அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு அவள் போய்விட்டாள். முடியில் நான் வைத்த வேப்பிலை அப்படியே இருந்தது.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும் என்றார்கள். அவளை அம்மாவே கூட்டிக்கொண்டாள் என்றார்கள். எனக்கு அவர்களை அடிக்க வேண்டும் போல இருந்தது. காரணம் என்ன பெரிய காரணம்? எங்கள் வீட்டு டிரம்முக்கு மூடி இல்லை. அவளுக்கு வாய்த்த தாய்க்கு ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அழுதிருப்பேன். அவர் பாட்டுக்குக் கழனிக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். அவள் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார். நீதான் தடுத்தாய் என்று அவர் மனதில் இருக்கிறது, வாயில்தான் வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் சோறு போடும்போது இன்றைக்குக் கேட்பார், இன்றைக்குக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

எட்டு மாதம் கழித்து இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். மகளுக்காகச் சேவை செய்கிறாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சேவையும் இல்லை, ஒன்றும் இல்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. சாயங்காலம் வரைக்கும் வெளியே இருக்க ஒரு வேலை வேண்டியிருந்தது. பயிற்சியின்போது ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கொசுப்புழுவைக் காட்டினார்கள். வளைந்து வளைந்து மேலே வந்து கீழே போனது. எனக்கு அதைத் தெரியும். என் மகள் டம்ளரில் அதைப் பிடித்துவைத்து, "அம்மா, குட்டி மீனு" என்று காட்டுவாள். கீழே கொட்டாதே, தண்ணீர் வீணாகும் என்று நான் சொல்லியிருக்கிறேன். பயிற்சி கொடுத்தவர் என் முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா, தலைய சுத்துதா?" என்று கேட்டார். வெளியே போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். மறுநாளும் போனேன்.

வேப்பிலை கட்டிய வீடுகளில் எப்படிப் பேசுவது என்பதை நானாகத்தான் கண்டுபிடித்தேன். அம்மை இல்லை, டெங்குவாக இருக்கலாம் என்று ஆரம்பித்தால் கதவு சாத்தப்படும். நான் அப்படிச் சொல்வதில்லை. செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு வாசலில் நின்று ஒரு கும்பிடு போடுவேன். "ஆத்தாளையும் கூட்டிக்கினு போலாம், வாங்க" என்பேன். வேப்பிலையை எடுக்கச் சொல்லமாட்டேன். ஆட்டோ சீட்டில் வேப்பிலை பரப்பி, பிள்ளையை அதன்மேல் உட்காரவைத்து, கையிலும் ஒரு கொத்துக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். ரத்தம் எடுக்கும்போது அவர்கள் அம்மனை வேண்டிக்கொள்ளட்டும். நானும் வேண்டிக்கொள்வேன். அம்மன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் வரவே இல்லை. வந்ததாகச் சொன்னது நான்.

அப்படி நாலு பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன். ஒரு பையனுக்கு டெங்குதான். எலவனாசூர்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் பேறுகாலத்துக்கு வந்திருந்த வீட்டில், அவளுடைய மூத்தவன். பிழைத்துக்கொண்டான். அவன் அம்மா நிறைமாதத்தோடு என் காலில் விழ வந்தாள். நான் விலகிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுததாகச் சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். பொறாமையில் அழுதேன்.

போன மாசி மாதம் கல்வராயன்மலையில் காய்ச்சல் அதிகமாக இருக்கிறது என்று எங்களில் சிலரை ஒரு வாரத்துக்கு அங்கே அனுப்பினார்கள். கச்சிராயப்பாளையம் வழியாகப் போகிற காலை பஸ்ஸில் ஏறுவேன். மலையில் பல ஊர்களில் தண்ணீர் எடுக்க நடக்க வேண்டும். குடம் குடமாகச் சுமந்து சேர்த்ததைக் கொட்டு என்று சொல்ல எனக்கே வாய் வராது. துணியில் வடிகட்டி, வாயைக் கட்டிக் கொடுத்துவிட்டு வருவேன்.

மூன்றாம் நாள் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை இருந்தது. அடிவாரத்திலிருந்து கொண்டுவந்திருப்பார்கள் போல, வாடிப்போயிருந்தது. படியில் ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. பக்கத்தில் அவள் புருஷன்.

"உள்ள வராதீங்கக்கா, அம்மா வந்திருக்காங்க" என்றாள்.

"யாருக்கும்மா?"

"எம்பொண்ணுக்கு. இன்னியோட நாலு நாளு ஆவுது."

"ஆஸ்பத்திரிக்குப் போற ஜீப்பு வருது, ஒரு தபா காட்டிட்டு வந்துடலாம்னு சொல்லிக்கினே இருக்கறேன். கேக்க மாட்டேங்கறா" என்றார் புருஷன்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அவள்.

வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி முழுக்கப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். கால் இரண்டும் மட்டும் போர்வைக்கு வெளியே தெரிந்தன. "காச்சல் எப்பிடி இருக்குது?" என்று கேட்டேன்.

"காத்தால வுட்டுடுச்சுக்கா. தொட்டா நல்லா சில்லுன்னு இருக்கறா."

வழக்கமாகச் சொல்கிற வார்த்தை எதுவும் எனக்கு வரவில்லை. ஆத்தாளையும் கூட்டிப்போகலாம் என்று நான் சொல்லவில்லை. "எம்பொண்ணும் இப்பிடிதான் சில்லுன்னு இருந்தா" என்றேன். "நாலாம் நாளு. முன்னாடி நாளே எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போலாம்னாரு. நாந்தான் வேணாம்னு தடுத்தேன். அம்மைன்னு சொன்னேன். அம்மை இல்ல. மறுநாளே செத்துப்போயிட்டா."

அம்மா வந்திருக்கிற வாசலில் நின்று சாவு என்ற பேச்சை எடுக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். நான் எடுத்துவிட்டேன். நாலு வருஷத்தில் யாரிடமும் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒருத்தியிடம், அவள் மகள் படுத்திருக்கும்போது சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளே போய் மகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஜீப்பில் நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அந்தக் கால்களைத் தொட்டுப்பார்க்கத் தோன்றும். வளைவுக்கு வளைவு பின்னாலிருந்து அந்தப் பெண் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அந்தப் பிள்ளை "உம்" கொட்டுகிற வரைக்கும் நான் மூச்சுவிடவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் இருந்தார். போர்வையை விலக்கிச் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றிலும் முதுகிலும் நீர்க்கொப்புளங்கள், சில காய்ந்தும் போயிருந்தன. "இது சின்னம்மைதாம்மா. இறங்கிக்கிட்டிருக்கு. எதுக்கும் ரத்தம் பார்த்துடலாம்" என்றார். ரத்தத்திலும் ஒன்றும் இல்லை. கால் சில்லென்று இருந்தது மலைக் குளிரில் போர்வைக்கு வெளியே கிடந்ததால்தான்.

அவர்கள் சொன்னதுதான் சரி. அம்மைதான்.

வெளியே மரத்தடியில் அந்தப் பெண் என் எதிரே வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. "எம்பொண்ணு மேல இருந்த போர்வைய வெலக்கிப் பாக்கறதுக்கு முன்னாடியே அந்த வார்த்தைய சொல்லிட்டீங்களேக்கா" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டாள். நான் ஏறவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்பதற்குச் சந்தோஷப்பட வேண்டியவள், அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து, என் மகளுக்கும் வெறும் அம்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று அழுதேன். பஸ் வரும்வரை அழுதேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னிக்கு ஒருத்தருகிட்ட சொல்லிட்டேன்."

"இன்னா?"

"அன்னிக்கு நாந்தான் ஆஸ்பத்திரிக்குப் போவ வுடலன்னு."

மாடு குடித்து முடிக்கும்வரை அவர் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "நீ வேணாம்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்குதான் ஆலையில கட்டிங் ஆர்டரு குடுத்திருந்தான். கரும்பு வெட்டற ஆளுங்க வந்து கழனியில உக்காந்துக்கினு இருந்தாங்க. வுட்டா அடுத்த ஆர்டரு எப்ப வருமோன்னு இருந்துச்சு. சும்மா கேட்டு வெச்சேன் உன்ன. நீ வேணாம்னு சொன்ன. அப்பாடான்னு போயிட்டேன்." வாளியைக் கவிழ்த்துவைத்தார். "நீ தடுத்தன்னு சொல்லிக்காத. நா போவணும்னு நெனச்சிருந்தா நீ தடுத்தா நின்னிருப்பனா?"

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நாலு வருஷம் நான் தனியாகச் சுமந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாரே என்று. ஏதாவது சுருக்கென்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தக் கழனி ஞாபகத்துக்கு வந்தது. அவள் போன பிறகு அவர் கரும்பே போடவில்லை. மரவள்ளி போட்டார், மக்காச்சோளம் போட்டார். கிணற்றில் தண்ணீர் கம்மி, அதனால்தான் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் ஒவ்வொரு நாளும் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து நான் கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறார். என்னால் திட்ட முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து எனக்குப் போன் வந்தது. எங்கள் நம்பர் எழுதிய அட்டையை ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டிவிட்டு வருவோம். அந்த மலைவீட்டுப் பெண்தான். "வெள்ளிக்கிழமை மூணாந்தண்ணி ஊத்தறோம். வந்துட்டுப் போங்கக்கா" என்றாள். நான் தயங்கினேன். "நீங்க சொன்ன வார்த்தை எம்பொண்ணு மேல நிக்கக் கூடாதுக்கா. நீங்களே வந்து ஒரு சொம்பு ஊத்திட்டா போயிடும்" என்றாள். அதில் கோபம் இருந்ததா, பாசம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வண்டியிலேயே போலாம், நானும் வரேன்" என்றார்.

அம்மை இறங்கினால் நாள் விட்டு நாள் மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். மூன்றாவது தண்ணீரோடு அம்மன் கிளம்பிவிடுவாள், பிள்ளை பழையபடி பிள்ளையாகிவிடும். நாங்கள் போனபோது அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சின்னப் பெண் வேலியோரம் மணைமேல் உட்கார்ந்திருந்தாள். உடம்பெல்லாம் தழும்பு. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. பெண்பிள்ளைக்கு ஊற்றுகிற இடம் என்பதால் என் வீட்டுக்காரர் வேலிக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அவள் அம்மா ஊற்றிவிட்டுச் சொம்பை என் கையில் கொடுத்தாள். நான் மொண்டு அவள் தலைக்கு மேலே பிடித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க பொண்ணுக்கு எத்தினி தண்ணி ஊத்தினீங்க?" என்று கேட்டாள்.

அன்றைக்குப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் அம்மா அதட்டினாள். சொம்பிலிருந்து தண்ணீர் சிந்திக்கொண்டிருந்தது.

வேலிக்கு வெளியே இருந்தவர் திரும்பாமலே சொன்னார்: "ஒரு தண்ணிதான் பாப்பா. நாங்க ரெண்டு பேருமா ஊத்தினோம்."

வாசலில் பெஞ்சு போட்டு, அவளைக் கிடத்தி, மஞ்சள் பூசி நாங்கள் ஊற்றிய தண்ணீர் அது. அதைப் பற்றி அவர் பேசியது அன்றைக்குத்தான். சின்னப் பெண்ணுக்கு அது போதுமான பதிலாக இருந்தது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தலையைக் குனிந்தாள். நான் ஊற்றினேன்.